"கோபம் வரவில்லையா?": மேற்பார்வைச் சந்திப்புகளின் வழியே ஒரு தந்தையும் மகளும்

இரு பெற்றோரின் ஒப்புதலுடன் இதை எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பிரிந்த பெற்றோரில் ஒருவரைக் குழந்தை மூன்றாம் நபர் ஒருவர் முன்னிலையில் சந்திப்பதே மேற்பார்வைச் சந்திப்பு. இந்தச் சந்திப்புகளில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான்.

பின்னணி

சிறுமி தன் தந்தையுடன் ஒரே வீட்டில் கடைசியாக இருந்தபோது அவளுக்கு நான்கு வயது மூன்று மாதம். அன்று மாலை நடந்த சண்டையில் தந்தை, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்றை நாற்காலியால் அடித்து உடைத்தார். சிறுமி மேசைக்கு அடியில் இருந்தாள். தாய் அன்றிரவே அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறினார். மகள்மீது தந்தை ஒருபோதும் கை வைத்ததில்லை என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். மனைவியை ஒருமுறை பிடித்துத் தள்ளியதைத் தந்தை மறைக்கவில்லை. கத்துவதும் பொருள்களை வீசுவதும் அந்த வீட்டில் பல மாதங்களாக நடந்து வந்தவை.

அதன்பின் 17 மாதங்கள் சந்திப்பே இல்லை. முதல் சில மாதங்கள் தாய் மறுத்தார், அதற்குக் காரணம் இருந்தது. பிறகு வழக்கு நீண்டது. இடையில் தந்தை கோபத்தைக் கட்டுப்படுத்துவதற்கான ஆற்றுப்படுத்தலுக்கு (உளவள ஆலோசனைக்கு) தாமாகவே போகத் தொடங்கியிருந்தார். அதையும் பார்த்த பிறகே நீதிமன்றம், வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், எங்கள் மையத்தில், மேற்பார்வையாளர் அதே அறையில் இருக்க, ஆறு மாதங்களுக்குச் சந்திக்கலாம் என்று உத்தரவிட்டது. ஆறு மாத முடிவில் மறுஆய்வு.

1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, பிரிந்த பெற்றோருடன் நேரடித் தொடர்பு வைத்திருப்பதைக் குழந்தையின் உரிமையாக 9ஆவது உறுப்பில் சொல்கிறது. அது குழந்தையின் நலனுக்கு எதிராக இருந்தால் பொருந்தாது என்பதையும் அதே உறுப்பு சேர்த்தே சொல்கிறது. உரிமை குழந்தையுடையது என்ற இந்த ஒன்றை, முதல் நாளில் தந்தையிடமும் தாயிடமும் தனித்தனியே விளக்கினேன். தந்தை, "அப்படியென்றால் எனக்கு எதுவும் கிடையாதா?" என்று கேட்டார். பொறுப்பு இருக்கிறது என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுந்து போய்விடவில்லை.

சந்திப்புக்கு முந்தைய மூன்று வாரங்கள்

மூவரையும் தனித்தனியே சந்தித்தோம். சிறுமி ஒருநாள் தாயுடன் வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போனாள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். "இதைப் பூட்டுவீர்களா?" என்று கேட்டாள். பூட்ட மாட்டோம் என்றேன். கதவில் தாழ்ப்பாளே இல்லாததை அவளாகவே தேடித் தெரிந்துகொண்ட பிறகுதான் உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒரு சிவப்பு அட்டை கொடுத்தோம். எப்போது வேண்டுமானாலும் அதை மேசைமேல் வைக்கலாம். வைத்தால் நான் அவளை உடனே வெளியே அழைத்துச் செல்வேன், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தையால் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று பெரியவர் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. ஓர் அட்டையை எடுத்து வைக்க முடியும்.

தாயும் தந்தையும் ஒருவரையொருவர் பார்க்காதபடி வருகையைப் பிரித்தோம். தந்தை 15 நிமிடம் முன்னதாக வந்து அறைக்குள் இருப்பார். சந்திப்பு முடிந்து தாயும் மகளும் போன 15 நிமிடத்துக்குப் பிறகே வெளியேறுவார். வழக்கைப் பற்றியோ தாயின் வீட்டைப் பற்றியோ கேள்வி கூடாது, காதோடு பேசக்கூடாது, "அடுத்த மாதம் உன்னை அழைத்துப் போகிறேன்" போன்ற வாக்குறுதிகள் கூடாது, படம் எடுக்கக்கூடாது. இவை எல்லா மையங்களிலும் ஏறக்குறைய உள்ள விதிகள்தான். இந்தத் தந்தைக்காகச் சேர்த்தவை மூன்று. குழந்தை உள்ளே வரும்போது அவர் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் உயரமானவர். அவளாக நெருங்காமல் தொடக்கூடாது. "அப்பாவை மறந்துவிட்டாயா?" என்று கேட்கவே கூடாது.

பரிசுகள்தான் பெரிய விவாதமாயின. தவறிப்போன ஒரு பிறந்தநாளுக்கும் நெருங்கிவந்த இன்னொன்றுக்கும் சேர்த்து அவர் ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தார். முதல் சந்திப்பிலேயே கொடுக்க ஆசைப்பட்டார். நாங்கள் மறுத்தோம். பரிசு வாங்கும் குழந்தை சிரிக்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், கொடுத்தவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் இன்னும் பார்க்கவே துணியாத ஒருவருக்கு அத்தனையையும் செய்யச் சொல்வது நியாயமில்லை. பெட்டி எங்கள் அலுவலக அலமாரிக்குப் போனது.

முதல் நான்கு சந்திப்புகள்

முதல் சந்திப்பை 20 நிமிடம் என்று முடிவு செய்திருந்தோம். ஒரு மணி நேரம் உத்தரவில் இருந்தது என்பதற்காக ஒரு மணி நேரமும் நடத்த வேண்டியதில்லை. சிறுமி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். தந்தை தரையில் உட்கார்ந்து ஒரு காளானுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என் முகத்தைப் பார்த்தாள். குழந்தை ஒருவரைப் 'பாதுகாப்பான தளமாக' வைத்துக்கொண்டு அங்கிருந்து உலகத்தை அளக்கிறது என்று, குழந்தைகளின் பாசப்பிணைப்பை ஆராய்ந்த ஜான் பவுல்பியும் மேரி எயின்ஸ்வர்த்தும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அன்று அந்தத் தளமாக இருந்தது அவளுக்கு அரைகுறையாகத் தெரிந்த நான். பெற்ற தந்தை அவள் அளக்க வேண்டிய இடமாக எதிரே இருந்தார். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 20 நிமிடம் முடிந்தது.

அவள் போன பிறகு அவர் அழுதார். "என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை" என்றார். ஆனால் திரும்பும் வழியில் சிறுமி தாயிடம், "அவருக்குக் கண்ணாடி வந்திருக்கிறது" என்று சொல்லியிருந்தாள். அவர் மூக்குக்கண்ணாடி போடத் தொடங்கியது பிரிவுக்குப் பிறகு. அவள் பார்த்திருக்கிறாள்.

"அவருக்கு" என்று அவள் சொன்னதையும் தாய் சொல்லித்தான் அறிந்தேன். முன்பு அந்த வீட்டில் அவள் தந்தையை "நீ, வா, போ" என்றுதான் பேசுவாள். "அப்பா, நீ தூக்கு" என்பது அவள் வழக்கமான பேச்சு என்று தாய் நினைவுகூர்ந்தார். இரண்டாவது, மூன்றாவது சந்திப்புகளில் அவள் பேசத் தொடங்கியபோது, முன்னிலை என்பதே அவள் பேச்சில் இல்லை. "பச்சை வேண்டுமா?", "இதை வரையலாமா?", "அந்தப் பென்சில் எங்கே?" அப்பா என்ற சொல் இல்லை, நீ இல்லை, நீங்கள் இல்லை. வினைமுற்றில்கூட அவர் இல்லாதபடி வாக்கியத்தை அமைத்தாள். ஐந்து வயதுக் குழந்தை எவ்வளவு கவனமாக நடக்கிறது என்பதை அதில் கண்டேன். குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன். அப்போது அதன் முழுப் பயனும் எனக்குத் தெரியாது.

மூன்றாவது சந்திப்பிலிருந்து கிறுக்கல் விளையாட்டைப் பயன்படுத்தினோம். குழந்தை மனநல மருத்துவர் டொனால்ட் வினிகாட் தம்மிடம் வந்த குழந்தைகளுடன் விளையாடியது அது. ஒருவர் கண்போன போக்கில் ஒரு கோடு இழுப்பார், மற்றவர் அதை ஏதாவது ஓர் உருவமாக மாற்றுவார். முகம் பார்க்காமலே இருவரும் ஒரு தாளில் சந்திக்கலாம், தோல்வி என்பது அதில் இல்லை. நான்காவது சந்திப்பில், அவள் இழுத்த கோட்டை அவர் மூக்கு நீண்ட ஆமையாக மாற்றினார். அவள் சத்தமாகச் சிரித்தாள். "நல்ல முன்னேற்றம்" என்று எழுதினேன்.

வயிற்றுவலி

அன்றிரவு அவள் படுக்கையை நனைத்தாள். அந்த வாரத்தில் இன்னும் இருமுறை. ஐந்தாவது சந்திப்புக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி என்று அழுதாள். சந்திப்புகளை நிறுத்தும்படி தாயின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. தந்தையின் வழக்கறிஞர், தாய் குழந்தையின் மனத்தைக் கலைக்கிறார் என்று எழுதினார்.

இந்த இடத்தில் பல வழக்குகள் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தரப்பு வயிற்றுவலியைத் தந்தைமீதான பயத்துக்குச் சான்றாக வைக்கும், மறுதரப்பு தாயின் தூண்டுதலுக்குச் சான்றாக வைக்கும். வலி குழந்தையின் வயிற்றில் இருக்கிறது என்பதை இருவரும் மறந்துவிடுவார்கள்.

ஒரு வாரம் நிறுத்திவைத்தோம். தாயிடம் நேரவாரியாகக் கேட்டோம். வலி உடை மாற்றும்போது தொடங்கி, மையத்தின் வாசலைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. அறைக்குள் வந்த பிறகு அவள் சிவப்பு அட்டையை ஒருமுறையும் எடுக்கவில்லை. தந்தையைக் கண்டு பயம் என்றால் அவரை நெருங்க நெருங்க அது கூடியிருக்க வேண்டும். பிறகு தாய் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். ஆமைப் படம் வரைந்த அன்று தூங்கப்போகும் முன் மகள் அவரிடம் கேட்டாளாம்: "அம்மா, நான் அங்கே சிரித்தால் உனக்குக் கோபம் வருமா?"

தாய் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். "எதுவும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டேன்" என்றார்.

நாங்கள் எடுத்த முடிவு: நிறுத்துவதில்லை, அப்படியே தொடர்வதும் இல்லை. அதற்குள் ஒரு மணி நேரமாகியிருந்த சந்திப்பை 30 நிமிடமாகக் குறைத்தோம். களைத்துப்போன மாலை நேரத்திலிருந்து காலைக்கு மாற்றினோம். எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்க்கென்று தனியாக ஓர் ஆற்றுப்படுத்துநரை ஏற்பாடு செய்தோம். அவர் எதையெல்லாம் தாங்கியவர் என்பதை அதுவரை நாங்கள் கோப்பில்தான் படித்திருந்தோம். உடைந்த கண்ணாடிக்கு நடுவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்ணிடம், அதே மனிதனுடன் குழந்தை சிரிக்க அனுமதி கொடு என்று கேட்கிறோம். அதைக் கேட்பதற்குமுன் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, மையத்தின் வாசலில் அவர் மகளின் உயரத்துக்குக் குனிந்து சொன்னதை நான் கேட்டேன். "உள்ளே உனக்குச் சிரிப்பு வந்தால் சிரி. அழுகை வந்தால் அழு. எனக்குக் கோபம் வராது. நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன்." யாரும் அவருக்கு எழுதிக் கொடுத்த சொற்கள் இல்லை அவை. வயிற்றுவலி அந்த வாரமே நிற்கவில்லை. குறைந்தது, பிறகு வந்தது, பிறகு மறைந்தது. படுக்கை நனைவது நிற்க ஒரு மாதமானது.

கட்டைகள்

ஏழாவது சந்திப்பில் இருவரும் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு கோபுரம் கட்டினார்கள். 20 நிமிடம் ஆனது. கடைசிக் கட்டையை வைத்ததும் சிறுமி கையை வீசி அதைத் தள்ளிவிட்டாள். ஒரு கட்டை தந்தையின் மூக்குக்கண்ணாடியில் பட்டது. அவள் ஓரடி பின்வாங்கி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய தாடை இறுகியது. இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். ஆற்றுப்படுத்தலில் அவர் பழகியது அது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அது தவறு. அவர் எதுவும் செய்யவில்லை, செய்யப்போவதுமில்லை. என் உடம்புதான் அங்கே ஆபத்து இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னது. அவள் முதன்முறையாகச் சிவப்பு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். சொன்னபடி உடனே வெளியே அழைத்துச் சென்றேன். அன்றைய சந்திப்பு அத்துடன் முடிந்தது.

அன்று மாலை என் மேலாளருடன் நடந்ததை வரிவரியாகப் பேசினேன். குறும்பாகவோ தற்செயலாகவோ அவள் கோபுரத்தைத் தள்ளவில்லை என்று புரிந்தது. பொருள்கள் உடையும்போது இந்த மனிதருக்கு என்ன ஆகும் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயம். கேட்கத் தெரியாததால் செய்து பார்த்தாள். மீண்டும் செய்வாள் என்று எதிர்பார்த்தோம். தந்தையிடமும் சொன்னோம். அவர் தமது ஆற்றுப்படுத்துநருடன் சேர்ந்து, அந்த அலமாரியைப் பற்றி அவள் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அதில் வேலை நெருக்கடி, கடன், தூக்கமின்மை எல்லாம் இருந்தன. அத்தனையும் உண்மையாக இருக்கலாம், ஆனால் ஐந்து வயதுக் குழந்தையின் தோளில் அவற்றை ஏற்றக்கூடாது. எழுதியதை வெட்டி வெட்டி மூன்று வாக்கியங்களாக்கினோம். நான் செய்தது என்ன, அது உன்னால் நடந்ததில்லை, இப்போது நான் என்ன செய்கிறேன்.

எட்டாவது சந்திப்பில் அவள் கோபுரத்தை ஐந்து முறை தள்ளினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர், "விழுந்துவிட்டது. மறுபடி கட்டலாமா?" என்றார். ஐந்தாவது முறைக்குப் பிறகு அவள் கேட்டாள்: "கோபம் வரவில்லையா?"

"கொஞ்சம் வந்தது" என்றார். "அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நீ பார்த்துக்கொள்ள வேண்டாம். நான் கத்தமாட்டேன்."

வரவே இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். தாடை இறுகியதை அவள் பார்த்தவள்.

சிறிது நேரம் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அன்றைக்கு அலமாரியை ஏன் உடைத்தாய்?" என்றாள்.

'உடைத்தாய்.' 19 மாதங்களுக்குப் பிறகு அவள் அவரை நீ என்று பேசினாள். அதுவும் அந்தக் கேள்வியில். அவர் குரல் நடுங்கினாலும் மூன்று வாக்கியங்களையும் சொன்னார். "நான் கோபத்தில் உடைத்தேன், அது தவறு. நீ எதுவும் செய்யவில்லை. கோபம் வந்தால் என்ன செய்வது என்று இப்போது ஒருவரிடம் கற்றுக்கொள்கிறேன்." அவள், "பள்ளிக்கூடம் மாதிரியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். "வீட்டுப்பாடம் உண்டா?" உண்டு என்றார். அதன்பின் அவள் அலமாரியைப் பற்றி மையத்தில் பேசவே இல்லை.

நான் வராத நாள்

பதினோராவது சந்திப்பு அன்று எனக்குக் காய்ச்சல். குழந்தைக்குப் பழக்கமான வேறு மேற்பார்வையாளர் யாரும் இல்லாததால் மையம் காலையில் சந்திப்பை ரத்து செய்தது. செய்தி தாயின் வீட்டை அடைந்தபோது, அதை வாங்கிய உறவினர் சிறுமியிடம், "இன்றைக்கு உன் அப்பா வரவில்லையாம்" என்று சொல்லிவிட்டார். உண்மையில் அவர் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவள் வந்தாள், பேசினாள், விளையாடினாள். "நீங்கள் வரைகிறீர்களா?" என்று கேட்டாள். தந்தை என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்த வேறுபாடு கேட்டுவிட்டது.

விளையாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு நான் அவளிடம் பேசினேன். "போன வாரம் அப்பா வந்தார். எனக்குக் காய்ச்சல், நான்தான் வரவில்லை. உனக்குத் தவறாகச் சொல்லிவிட்டார்கள். அது எங்கள் தவறு." தந்தையை அதைச் சொல்லவிடக்கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அவர் சொன்னால் அது தற்காப்பாகிவிடும், மறைமுகமாகத் தாய் வீட்டின்மீது குற்றச்சாட்டும் ஆகும். அவள் தந்தையிடம் திரும்பி, "நீ எவ்வளவு நேரம் நின்றாய்?" என்று கேட்டாள்.

படிப்படியாக

பதினான்காவது சந்திப்பிலிருந்து என் நாற்காலியைக் கதவருகே நகர்த்தினேன். பதினெட்டாவதில் ஒரு மணி நேரத்துக்குத் திரும்பினோம். இருபதாவதில் மையத்தின் வெளிமுற்றத்துக்குப் போனார்கள், நான் பார்வை எட்டும் தூரத்தில் இருந்தேன். மறுஆய்வுக்கு நாங்கள் கொடுத்த அறிக்கையில் சிறுமி சொன்னவை அவள் சொற்களிலேயே இருந்தன. குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது மேற்சொன்ன உடன்படிக்கையின் 12ஆவது உறுப்பு. "அப்பாவுடன் வெளியே போகலாம். தூங்குவதற்கு அம்மா வீடு" என்றாள். நீதிமன்றம் ஏறக்குறைய அதையே உத்தரவாக்கியது: பகல் நேரச் சந்திப்பு, ஒப்படைப்பு மட்டும் எங்கள் மையத்தில்.

பெற்றோர் இருவரும் இன்றும் பேசிக்கொள்வதில்லை. அவர்கள் பேசிக்கொள்ள வேண்டும் என்று நாங்களும் வற்புறுத்தவில்லை. ஒரு குறிப்பேடு எங்கள் ஊழியர் கைவழியாகப் போய்வருகிறது. மருந்து, தூக்கம், அவள் கேட்ட கேள்விகள் அதில் எழுதப்படுகின்றன. குழந்தையின் கையில் அதைக் கொடுப்பதில்லை.

இப்போது

முதல் சந்திப்புக்குப் பிறகு 14 மாதங்கள் ஆகின்றன. வாரத்தில் ஒருநாள் அரை நாள் தந்தையுடன் இருக்கிறாள். இரவு தங்குவது இன்னும் இல்லை. பரிசுப் பெட்டியை அவளே ஒருநாள் திறந்தாள். பெரும்பாலானவை அவள் வயதுக்குச் சிறியவையாகிவிட்டன. ஒரு கரடிப் பொம்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை மையத்தில் வரும் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னாள்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு பின்னடைவு. அவள் பக்கத்தில் இருக்கும்போது தந்தை தொலைபேசியில் யாரிடமோ குரல் உயர்த்திவிட்டார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதை அவரே அன்று மாலை குறிப்பேட்டில் எழுதினார், குழந்தை சொல்வதற்குமுன். தாய் ஒரு சந்திப்பை மீண்டும் மேற்பார்வையில் வைக்கக் கேட்டார். தந்தை மறுக்காமல் வந்தார். வழக்கறிஞர் கடிதம் எதுவும் இல்லாமல் இவர்களுக்குள் ஒன்று தீர்ந்தது அதுவே முதல் முறை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இது எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும் வழி இல்லை. தந்தை தாம் செய்ததை முதல் நாளிலேயே ஒப்புக்கொண்டார். "நான் எதுவும் செய்யவில்லை, அவள் கதை கட்டுகிறாள்" என்று சொல்லும் ஒருவரிடம் அந்த மூன்று வாக்கியங்களைப் பெற்றிருக்க முடியாது. சிறுமியின் வயிற்றுவலி அறைக்குள் வந்த பிறகு கூடியிருந்தாலோ, சிவப்பு அட்டை ஒவ்வொரு வாரமும் மேசைக்கு வந்திருந்தாலோ நிறுத்தியிருப்போம். சில குழந்தைகளுக்கு நிறுத்துவதே சரி. அதைச் சொல்ல மேற்பார்வையாளர் தயங்கக்கூடாது.

எங்கள் தரப்பில் மாற்றியவை சில. தாய்க்கான ஆற்றுப்படுத்துநரை ஐந்தாவது சந்திப்புக்குப் பிறகு தேடினோம், முதல் சந்திப்புக்கு முன்பே தேடியிருக்க வேண்டும். இப்போது அது முன்தயாரிப்பின் பகுதி. இரண்டாவது மேற்பார்வையாளர் ஒருவர் தொடக்கத்திலேயே குழந்தைக்கு அறிமுகமாகிறார். ரத்தானால், குழந்தையிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நாங்களே எழுதி அனுப்புகிறோம், வீட்டில் இருப்பவர்கள் தங்கள் சொற்களைத் தேட வேண்டியதில்லை.

"நல்ல முன்னேற்றம்" என்று நான் எழுதிய அந்த வரியை அறிக்கையிலிருந்து நீக்கவில்லை. அதற்குக் கீழே அன்றிரவு நடந்ததைச் சேர்த்திருக்கிறேன். சந்திப்பின் பதிவு அறைக்கதவுடன் முடியக்கூடாது என்பதால், அடுத்த இரண்டு நாள் வீட்டில் எப்படி இருந்தாள் என்பதையும் இப்போது கேட்டு எழுதுகிறோம். எங்கள் பதிவுப் படிவத்தில் ஒரு கட்டமும் கூடியிருக்கிறது. "குழந்தை இன்று அவரை எப்படி அழைத்தது?" என்று அதில் இருக்கும். பெயர், உறவுமுறை, நீ, நீங்கள், அவர், எதுவுமில்லை. மேற்பார்வையாளர் கேட்டதைக் கேட்டபடியே எழுத வேண்டும்.